கதை தெரியாமலே காயத்தை மதிப்பது

"டிராமா பண்ணாதே." அழுகையை நிறுத்தாத குழந்தையிடமும், முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச மறுக்கும் பதின்வயதுப் பெண்ணிடமும், வகுப்பில் திடீரென்று நோட்டைக் கிழித்தெறியும் பையனிடமும் நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இது. டிராமா என்றால் நமக்கு நாடகம். மனக்காயத்தைக் குறிக்கும் 'trauma' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினாலும் ஏறக்குறைய இதே எழுத்துகள்தான் வந்து விழுகின்றன. அந்தச் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'காயம்' என்று பொருள். ஒரு குழந்தையின் காயத்தை நடிப்பு என்று படித்துவிடும் ஆபத்து எழுத்துக்கூட்டலிலேயே ஒளிந்திருப்பது என்னை எப்போதும் உறுத்தும். அதனால் இங்கே மனக்காயம் என்றே எழுதுகிறேன். 'அதிர்ச்சி' என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் அதிர்ச்சி ஒரு நொடியில் வந்து போய்விடும். காயம் தங்கும், வடுவாகும், சிலருக்கு மேலே ஆறி உள்ளே சீழ் கட்டும்.

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக மருத்துவர்கள், செவிலியர்கள், ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள், காவல்துறையினர் எனப் பல துறைகளைச் சேர்ந்தவர்கள் இரண்டு விஷயங்களை விடாமல் பேசி வருகிறார்கள். சிறுவயதில் பட்ட துன்பம் மனதோடு நின்றுவிடுவதில்லை, உடம்பிலும் ஆயுளிலும் தொடர்கிறது என்பது முதலாவது. அது தெரிந்தபின் பள்ளியும் மருத்துவமனையும் நீதிமன்றமும் பழையபடியே நடக்கக் கூடாது என்பது இரண்டாவது. முதலாவது செய்தி வேகமாகப் பரவிவிட்டது. இரண்டாவது அப்படிப் பரவவில்லை. பரவிய இடங்களிலும் பல நேரம் அது தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. எங்கே பிசகியது என்று சொல்ல, கதை தொடங்கிய இடத்துக்குப் போக வேண்டும்.

வாய் தவறிக் கேட்ட கேள்வி

1980களில் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பில் நோய்த்தடுப்புப் பிரிவை நடத்திவந்தார் மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி. அளவுக்கு மீறிய உடல் எடை உள்ளவர்களுக்கான சிகிச்சைத் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. எடை நன்றாகக் குறைந்தது. ஆனால் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் விட்டுப் போனார்கள். வெற்றி பெறுகிறவர்கள் ஏன் ஓடிப்போக வேண்டும்? புரியாமல், விட்டுப்போனவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விப் பட்டியலைக் கேட்க ஆரம்பித்தார். பிறந்தபோது எடை எவ்வளவு, பள்ளியில் சேர்ந்தபோது எவ்வளவு, இப்படியே போகும் பட்டியல்.

ஒருநாள் ஒரு பெண்ணிடம் கேட்கும்போது வாய் தவறியது. 'முதன்முதலில் உடலுறவு கொண்டபோது உங்களுக்கு என்ன வயது' என்று கேட்க வேண்டியவர், 'எவ்வளவு எடை' என்று கேட்டுவிட்டார். 'நாற்பது பவுண்டு' என்று பதில் வந்தது. கிலோவில் சொன்னால் பதினெட்டு. காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்து, அதே தவறான கேள்வியைத் திரும்பவும் கேட்டார். அதே பதிலைச் சொல்லிவிட்டு அந்தப் பெண் உடைந்து அழுதார். அப்போது அவருக்கு வயது நான்கு. செய்தவர் அவருடைய தகப்பன்.

அதன்பின் ஃபெலிட்டியும் உடன் பணியாற்றியவர்களும் 286 பேரிடம் விரிவாகப் பேசினார்கள். பாதிக்கு மேற்பட்டோர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள். மருத்துவம் எதை நோய் என்று எழுதி வைத்திருந்ததோ, அது அவர்களில் பலருக்குக் கவசமாக இருந்தது. உடல் பெருத்திருந்தால் யாருடைய கண்ணும் தன்மேல் படாது. எடை குறையக் குறைய அந்தக் கவசம் கழன்றது, பயம் திரும்பி வந்தது. விட்டு ஓடியதற்குக் காரணம் அதுதான்.

1990இல் அட்லாண்டாவில் நடந்த உடற்பருமன் ஆய்வாளர் மாநாட்டில் இதைச் சொன்னபோது, கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, வாழ்க்கையில் தோற்றவர்கள் அதை மறைக்கக் கட்டும் கதைகள் இவை என்ற தொனியில் பேசினார். நாடகம் என்ற அதே தீர்ப்பு, படித்தவர்கள் சபையில். ஆனால் அங்கேயே அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த டேவிட் வில்லியம்சன், எடைக்குறைப்புக்கு வந்தவர்களோடு நிறுத்தாமல் பொதுமக்களிடம் பெரிய அளவில் கேட்டுப் பாருங்கள் என்று ஆலோசனை சொன்னார். அந்த மையத்தின் ராபர்ட் ஆண்டாவும் ஃபெலிட்டியும் கைகோத்தார்கள். 1995 முதல் 1997 வரை 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் திரட்டப்பட்டது. முதல் கட்டுரை 1998இல் வெளியானது. சிறுவயதுத் துன்ப அனுபவங்களை ஆங்கில முதலெழுத்துகளால் 'ஏஸ்' என்று சுருக்கி அழைக்கும் வழக்கம் இந்த ஆய்விலிருந்து வந்ததுதான்.

அவர்கள் கேட்டவை, இறுதி வடிவத்தில், பத்து. உடலால், சொல்லால், பாலியல் வழியில் நடந்த கொடுமைகள் மூன்று. உடல் தேவைகளும் அன்பும் மறுக்கப்பட்ட புறக்கணிப்பு இரண்டு. மீதி ஐந்தும் வீட்டைப் பற்றியவை: தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தது, வீட்டில் குடி அல்லது போதை, மனநோய், சிறை சென்ற உறவு, பெற்றோரின் பிரிவு. எத்தனைக்கு 'ஆம்' என்கிறோமோ அத்தனை மதிப்பெண். எவ்வளவு கடுமையாக, எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வி இதில் இல்லை. ஒருமுறை நடந்தாலும் ஒன்று, பத்தாண்டு நடந்தாலும் ஒன்று. இந்த எளிமைதான் ஆய்வை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. பின்னால் தொல்லையும் இதனால்தான் வந்தது.

மூன்றில் இருவர் குறைந்தது ஒன்றுக்கு 'ஆம்' என்றார்கள். எட்டில் ஒருவர் நான்கு அல்லது அதற்கு மேல். எதற்கும் ஆளாகாதவர்களோடு ஒப்பிட்டால், நான்கோ அதற்கு மேலோ உள்ளவர்களிடம் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு 4 முதல் 12 மடங்குவரை கூடியிருந்தது. இதயநோய், புற்றுநோய், நுரையீரல் நோய் எல்லாமே படிப்படியாக ஏறின. இந்த மனிதர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் வெள்ளையர், படித்தவர்கள், வேலையும் மருத்துவக் காப்பீடும் உள்ள நடுத்தர வர்க்கத்தினர், நடுவயதைத் தாண்டியவர்கள். இதெல்லாம் ஏழைகள் வீட்டில் நடப்பது என்று ஒதுக்கிவைக்க இனி யாருக்கும் இடமில்லாமல் போயிற்று.

அரண்டவன் கண்

நடந்து முடிந்த ஒன்று எப்படி நாற்பது வருடம் கழித்து இதயத்தைத் தாக்கும்? ஒரு பாதை கண்ணுக்குத் தெரிவது. வலியைத் தணிக்கப் புகை, குடி, அளவு மீறிய உணவு. இன்னொரு பாதை உடம்புக்குள்ளேயே ஓடுகிறது.

ஆபத்து வந்தால் அட்ரினலின் என்ற ஹார்மோன் பாயும், பின்னாலேயே கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறும், இதயம் வேகமாக அடிக்கும், செரிமானம் ஒதுங்கி நிற்கும். ஓட அல்லது எதிர்க்க உடல் தயாராகிவிடும். ஆபத்து நீங்கியதும் எல்லாம் தணிய வேண்டும். தணிவிப்பதற்கு ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால், கடினமான அனுபவம்கூட தாங்கக்கூடியதாகிவிடும். ஆபத்தே வீட்டுக்குள் இருந்தால், தணிவிக்க வேண்டியவரே பயமுறுத்துகிறவராக இருந்தால், அந்த இயந்திரம் அணைவதே இல்லை. ஹார்வர்டில் குழந்தை வளர்ச்சி மையத்தை நிறுவிய ஜாக் ஷாங்காஃப் குழுவினர் இந்த நிலையைத்தான் நச்சு மன அழுத்தம் என்கிறார்கள். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா பகுதி கூர்மையாகிறது. நின்று யோசிக்க உதவும் முன்மூளைப் பகுதிக்கும் நினைவைக் கோக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் அடி விழுகிறது. நோய் எதிர்ப்பு அமைப்பும் ஓயாத உஷார் நிலையில் இருந்து, நாளடைவில் சொந்த உடம்பையே தேய்க்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது நம் பழமொழி. வழக்கமாக அதைக் கோழையைக் கேலி செய்யச் சொல்வோம். அதையே மெதுவாகப் படித்தால் நரம்பியல் உண்மை ஒன்று அதில் இருக்கிறது. அரண்டு போனவனுக்கு இருட்டு நிஜமாகவே பேயாகத் தெரிகிறது. அவன் பொய் சொல்லவில்லை. கதவு படாரென்று சாத்தும் சத்தம் மற்றப் பிள்ளைகளுக்குக் காற்று. ஒரு பிள்ளைக்கு மட்டும் அது அப்பா வீட்டுக்கு வந்துவிட்டதன் அறிவிப்பு. அந்தப் பிள்ளை மேசைக்கடியில் புகுந்தால், அல்லது பக்கத்தில் இருப்பவனைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினால், அது ஒழுங்கீனம் போலத்தான் தெரியும். ஓடாமல் உறைந்து போகிற பிள்ளைகளும் உண்டு. ஜன்னலைப் பார்த்தபடி, கூப்பிட்டால் காதில் விழாததுபோல் உட்கார்ந்திருப்பார்கள். தொந்தரவு செய்வதில்லை என்பதால் யார் கண்ணிலும் படாமலே வகுப்பு மாறிப் போவார்கள்.

அறிந்தபின் என்ன செய்வது

2001இல் மேக்சின் ஹாரிஸ், ரோஜர் ஃபாலட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு முக்கியமான பிரிப்பைச் செய்தார்கள். மனக்காயத்துக்குச் சிகிச்சை தருவது ஒன்று. எந்தச் சேவையாக இருந்தாலும், வருபவரிடம் காயம் இருக்கலாம் என்ற நினைப்போடு அந்தச் சேவையை வடிவமைப்பது வேறொன்று. முதலாவதற்குப் பயிற்சி பெற்ற உளவியல் நிபுணர் வேண்டும். இரண்டாவது, வாசலில் பெயர் பதிவு செய்பவர், பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவர், நீதிமன்ற ஊழியர் எல்லோராலும் முடியும். பின்னர் 2014இல் அமெரிக்க அரசின் மனநல, போதை மீட்புச் சேவைகள் நிறுவனம் இதற்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பாதுகாப்பு, நம்பகம், ஒத்த அனுபவம் உள்ளவர்களின் துணை, கூட்டாகச் செயல்படுவது, தன் விருப்பத்தைச் சொல்லும் உரிமை, பண்பாடும் பாலினமும் வரலாறும் தந்த காயங்களைக் கணக்கில் எடுப்பது என்று ஆறு கொள்கைகள். பல நாடுகளின் பயிற்சிகள் இன்றும் இதைச் சுற்றியே நடக்கின்றன.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது இந்த இடத்தைத்தான். 'உனக்கு என்ன கோளாறு' என்று கேட்காதே, 'உனக்கு என்ன நடந்தது' என்று கேள் என்பது இந்த இயக்கத்தின் புகழ்பெற்ற வாசகம். மனநிலையை மாற்ற அது அருமையான வாசகம். வாய்விட்டுக் கேட்கும் கேள்வியாக எடுத்துக்கொண்டால் ஆபத்து. ஒருநாள் பயிற்சி முடித்த ஆர்வத்தில், பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு 'சொல்லும்மா, வீட்ல என்ன நடந்துச்சு' என்று தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் தாங்கிப் பிடிக்க ஏற்பாடு எதுவும் இல்லாமல் புண்ணைத் திறந்துவிட்டு, மணி அடித்ததும் 'சரி, வகுப்புக்குப் போ' என்று அனுப்பினால், அந்தக் குழந்தை இரண்டாம் முறை கைவிடப்படுகிறது. சட்டப்படி தகவல் தரவேண்டிய கடமை, பிள்ளையின் பாதுகாப்பு என்பவை தனி விஷயங்கள். தானாகச் சொல்ல வரும் பிள்ளையை நம்ப வேண்டும், சொன்னதை உரியவர்களிடம் கொண்டுபோக வேண்டும். சொல்லாத பிள்ளையின் கதையை நாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கதை தெரியாமலே ஒருவரைக் காயப்படுத்தாமல் நடத்த முடியும். இந்த அணுகுமுறையின் சாரமே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நடைமுறையில் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று பாருங்கள். ஒரு செவிலியர் ரத்த அழுத்தம் பார்க்க வருகிறார். பேசாமல் கையைப் பிடித்து இழுத்துப் பட்டையைச் சுற்றுவது ஒரு விதம். "அம்மா, இந்தப் பட்டையைக் கையில கட்டப் போறேன். கொஞ்சம் இறுக்கும், அப்புறம் தானா தளரும். எந்தக் கை வசதி? வேண்டாம்னு தோணினா சொல்லுங்க, உடனே எடுத்துடறேன்" என்பது இன்னொரு விதம். கூடுதலாக ஆனது பத்து விநாடி. அந்த அம்மாவின் மணிக்கட்டை முன்பு யார் எப்படிப் பிடித்தார்கள் என்பது செவிலியருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. தொடுமுன் சொல்வது, தேர்வு தருவது, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவது. வாசலை மறைத்து நிற்காமல் உட்காருவது, கதவைத் திறந்து வைக்கட்டுமா மூடட்டுமா என்று கேட்பது. அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டிச் சொல்வது, சொன்னபடி நடப்பது. காயம் எதுவும் இல்லாதவருக்கும் இது மரியாதையாகவே படும். அதனால் யாருக்கு மனக்காயம் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கவே தேவையில்லை.

பள்ளிக்கு ஓர் எடுத்துக்காட்டு. வாஷிங்டன் மாநிலத்தின் வாலா வாலா நகரில் லிங்கன் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. வேறு பள்ளிகளில் தாக்குப்பிடிக்க முடியாத மாணவர்கள் வந்து சேரும் இடம். அப்போதைய தலைமையாசிரியர் ஜிம் ஸ்போர்லெடர் 2010இல் நச்சு மன அழுத்தம் பற்றிக் கேள்விப்பட்டு, தண்டனை முறையை மாற்றத் துணிந்தார். ஆசிரியரைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசிய ஒரு மாணவனை அவரிடம் அனுப்பினார்கள். வழக்கம்போல் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று விறைத்து நின்றான் பையன். அவரோ, நீ நன்றாக இருக்கிறாயா, இது உன் சுபாவம் இல்லையே என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து பத்துக்குள் உன் கோபம் இப்போது எத்தனையில் இருக்கிறது என்று கேட்டார். கதையைக் கேட்கவில்லை, கோபத்தின் அளவைத்தான் கேட்டார். அந்த மென்மையை எதிர்பார்க்காத பையன் தானே உடைந்து வீட்டு நிலவரத்தைச் சொன்னான், ஆசிரியரிடம் போய்த் தானே மன்னிப்பும் கேட்டான். தண்டனை இல்லாமலும் போகவில்லை. பள்ளிக்குள்ளேயே தனி அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டியிருந்தது. 2009-10 கல்வியாண்டில் மாணவர்கள் இடைநீக்கத்தால் பள்ளிக்கு வெளியே கழித்த நாட்கள் 798. அடுத்த ஆண்டில் அது 135 ஆகக் குறைந்தது. ஒரே பள்ளியின் முன்-பின் கணக்கு இது, ஒப்பிட இன்னொரு பள்ளியை வைத்துச் செய்த ஆய்வு அல்ல. ஆனாலும் கண்டிப்பை விட்டால் கட்டுப்பாடு போய்விடும் என்ற பயத்துக்கு நல்ல பதில்.

அந்தப் பயம் நமக்குள் ஆழமானது. அடியாத மாடு படியாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அடியால் படிந்த பிள்ளையிடம் பயம்தான் படிந்திருக்கிறது, பாடம் அல்ல. பயந்த மூளையால் கற்க முடியாது என்பது நல்லெண்ணத்தால் சொல்லப்படும் வார்த்தை இல்லை. முன்மூளை ஒதுங்கி நிற்கும் நேரத்தில் வாய்ப்பாடு ஏறாது.

எண்ணைக் கழுத்தில் மாட்டுவது

இந்த அறிவைப் பரப்பியவர்களில் மிகவும் அறியப்பட்டவர் குழந்தைநல மருத்துவர் நடீன் பர்க் ஹாரிஸ். சான் பிரான்சிஸ்கோவின் ஏழ்மையான பகுதி ஒன்றில் பணியாற்றியபோது, ஆஸ்துமா, வளர்ச்சிக் குறைவு, கவனக்குறைவு என்று தன்னிடம் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் பின்னணியில் துன்ப அனுபவங்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். 2014இல் அவர் ஆற்றிய உரையின் காணொளியை லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். 2019இல் கலிபோர்னியா மாநிலத்தின் முதல் தலைமை மருத்துவ அதிகாரியாக நியமிக்கப்பட்டார். 2020 ஜனவரி முதல் அந்த மாநில அரசின் மருத்துவத் திட்டம், துன்ப அனுபவங்களைக் கேட்டறியும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் மருத்துவர்களுக்கு 29 டாலர் தரத் தொடங்கியது.

வேறொரு வழியில் போனது ஸ்காட்லாந்து. உளவியலாளர் சூசன் ஸீடிக் போன்றவர்கள் ஆசிரியர்கள், காவலர்கள், பெற்றோர்களைப் பெரும் கூட்டங்களில் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார்கள். அரசு, யார் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று பணிவாரியாக அடுக்கிய பயிற்சித் திட்டத்தைத் தேசிய அளவில் கொண்டுவந்தது. குற்றப் பொறுப்புக்கான குறைந்தபட்ச வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தும் சட்டமும், பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்யும் சட்டமும் 2019இல் அங்கே நிறைவேறின. விழிப்புணர்வு சட்டப் புத்தகத்தைத் தொட்ட இடம் என்பதால் ஸ்காட்லாந்து எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கேட்டுக் கணக்கெடுக்கும் வழிக்கு வருவோம். உங்கள் மதிப்பெண் என்ன என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் பத்துக் கேள்விக்கு விடை சொல்லிக் கணக்கிடலாம். ஆறு வந்தால்? ஆறோ அதற்கு மேலோ உள்ளவர்கள் இருபது வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்று பல மேடைகளில் சொல்லப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். 2009இல் வந்த ஒரு கட்டுரை, ஆய்வில் பங்கேற்றுப் பின்னர் இறந்தவர்களின் சராசரி வயதைப் பார்த்தபோது கண்ட வித்தியாசம் அது. உயிரோடு உட்கார்ந்து கேட்கும் ஒருவரின் ஆயுள் கணக்கு அல்ல. ஒரு கூட்டத்தின் சராசரியைத் தனி மனிதரின் ஜாதகமாக வாசிக்கும் தவறு இது.

இதைத் தவறு என்று சொன்னது வெளியாட்கள் இல்லை. ஆய்வை உருவாக்கிய ராபர்ட் ஆண்டாவே 2020இல் மற்றவர்களோடு சேர்ந்து எழுதினார். இந்த மதிப்பெண் மக்கள்தொகையைப் புரிந்துகொள்ள உருவாக்கியது, ஒரு தனிநபரின் ஆபத்தை அளக்கவோ அவருக்கு என்ன சிகிச்சை என்று முடிவெடுக்கவோ ஏற்றதல்ல என்று. அடுத்த ஆண்டே ஜெஸ்ஸி பால்ட்வின் குழுவினர் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் சிறுவயதிலிருந்து பின்தொடரப்பட்டவர்களின் தரவுகளைக் கொண்டு அதை உறுதிப்படுத்தினார்கள். மதிப்பெண் கூடினால் கூட்டமாகப் பார்க்கும்போது நோய் கூடுகிறது. ஆனால் இன்னாருக்கு நோய் வரும், இன்னாருக்கு வராது என்று அந்த எண்ணைக் கொண்டு சொல்ல முடியவில்லை. ஐந்து வாங்கியவர் நன்றாக இருக்கலாம், பூஜ்ஜியம் வாங்கியவர் தவித்துக்கொண்டிருக்கலாம்.

பத்துக் கேள்விகளுக்கு வெளியே நிற்கும் துன்பங்களும் நிறைய. பசி, இனப் பாகுபாடு, பள்ளியில் சக மாணவர்களின் கொடுமை, போர், இடம்பெயர்வு எதுவுமே அசல் பட்டியலில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பன்னாட்டுக் கேள்வித்தாள் சக வயதினரின் வன்முறை, தெருவில் நடக்கும் வன்முறை, போர் போன்ற கூட்டு வன்முறை ஆகியவற்றைச் சேர்த்தது. வீட்டுக்குள் மட்டும் விளக்கடித்துத் தேடினால், குற்றவாளியாகத் தெரிவது எப்போதும் பெற்றோர்தான். இரண்டு வேலை பார்த்தும் வாடகை கட்ட முடியாத தாயின் கையில் மேலும் ஒரு குற்றச்சாட்டைக் கொடுப்பது குழந்தையைக் காப்பாற்றாது. இதைப் பரப்புகிறவர்கள் இந்த எல்லைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறுவயதில் நிறையப் பட்டவர் ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து 'உங்கள் மூளை சேதமாகிவிட்டது' என்று பொருள்படும் படங்களை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், அந்த உரையே ஒரு காயம்.

ஆறியவர்கள்

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்ல வேறு செய்திகளும் இருக்கின்றன, அவையும் ஆய்வுதான். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் அனாதை விடுதிகளில் வளர்ந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். 2000த்தில் தொடங்கிய ஆய்வு அது. குடும்பத்துக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன், பற்றுணர்வு, மூளை மின்னலைகள் எல்லாம் விடுதியில் தங்கியவர்களைவிடத் தெளிவாக முன்னேறின. இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். எல்லாம் முழுதாகத் திரும்பி வந்துவிடவில்லை. ஆனால் மடியும் முகமும் மாறினால் மூளை மாறுகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று குறைவு.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, சண்டையிடும் வீடு, பெற்றோரின் நோய் என்று பல சுமைகளைச் சேர்த்துச் சுமந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கையில் பொதுவாகக் காணப்பட்டது, நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவர். பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். 2019இல் கிறிஸ்டினா பெதெல் குழுவினர் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த பெரியவர்களிடம் நல்ல அனுபவங்களைப் பற்றி ஏழு கேள்விகள் கேட்டார்கள். மனதில் உள்ளதை வீட்டில் பேச முடிந்ததா, நண்பர்கள் துணையாக இருந்தார்களா, பெற்றோர் அல்லாத இரண்டு பெரியவர்களாவது உண்மையான அக்கறை காட்டினார்களா என்பது மாதிரி. ஆறு ஏழுக்கு 'ஆம்' என்றவர்களிடம் மனச்சோர்வுக்கோ மோசமான மனநலத்துக்கோ உள்ள வாய்ப்பு, இரண்டுக்கும் குறைவாகவோ இரண்டோ சொன்னவர்களைவிட 72 சதவீதம் குறைவு. துன்ப அனுபவங்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வந்த எண் இது. துன்பத்தைக் கேட்கும் படிவங்கள் உலகமெங்கும் போன வேகத்தில் இந்த ஏழு கேள்விகள் போகவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நிபந்தனை இல்லாமல் ஏற்றுக்கொள்ளும் அந்தப் பெரியவரையும் யாராவது தாங்க வேண்டும். நாள்முழுக்க மற்றவர்களின் வலியைக் கேட்பவர்களுக்குத் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும், ஒரு கட்டத்தில் எதுவும் உறைக்காமல் மரத்துப்போகும். கேட்பவரிடம் படியும் இந்தக் காயத்துக்குத் துறைக்குள் தனிப் பெயரும் ஆய்வுகளும் உண்டு. துறையில் இருப்பவர்களிலும் பலர் சிறுவயதில் பட்டவர்கள். ஒரு நிறுவனம் அரைநாள் பயிற்சி நடத்தி, சுவரில் ஆறு கொள்கைகளை அச்சிட்டு ஒட்டிவிட்டு, மறுநாள் ஊழியர்களை எல்லோர் முன்னாலும் திட்டினால், அந்தத் திட்டு அப்படியே கீழிறங்கி கடைசியில் குழந்தையிடம் வந்து சேரும். ஒரு பணியாளருக்கு எத்தனை பேர், கடினமான நாளுக்குப்பின் பேச மேலதிகாரி இருக்கிறாரா, பிழையைச் சொன்னால் தண்டனையா உதவியா என்பவை பணமும் ஆளும் கேட்கும் விஷயங்கள். சுவரொட்டி எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் அது எளிதாக ஒட்டப்படுகிறது.

கதவுச் சத்தத்துக்கு மேசைக்கடியில் புகுந்த பிள்ளையின் வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியைக்கு அவன் வீட்டுக் கதை தெரியாது. மறுநாள் காலையில் கதவின் கீழ் ஒரு மடித்த அட்டையைச் செருகி வைக்கிறார், காற்றுக்குச் சாத்தாதபடி. கரும்பலகையின் ஓரத்தில் இன்று என்னென்ன, எந்த நேரத்தில் என்று எழுதுகிறார். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, "இன்னும் ரெண்டு நிமிஷத்துல மணி அடிக்கும், சத்தமா இருக்கும்" என்று வகுப்புக்கே பொதுவாகச் சொல்கிறார், யாரையும் தனியாகப் பார்க்காமல். அவன் காதுகளைப் பொத்திக்கொள்கிறான். மணி அடிக்கிறது. அவன் நாற்காலியிலேயே இருக்கிறான்.